துப்பாக்கிக்கும் விடுமுறை உண்டு!

பள்ளிக்கூடத்துக்கு விடுமுறை உண்டு. கோர்ட்டுக்கு விடுமுறை உண்டு. துப்பாக்கிக்கு விடுமுறை உண்டா?

உண்டு. பறக்கும் தட்டைச் சுடும் போட்டி வீரர்கள் பலர் ஆண்டுக்கு ஒரு முறை துப்பாக்கியைக் கழற்றி, துடைத்து, எண்ணெய் பூசி, பெட்டியில் வைத்துப் பூட்டி விடுகிறார்கள். சில வாரங்கள் அதைத் தொடுவதே இல்லை. ஐரோப்பாவில் பனிக்காலம் வந்தால் இந்த ஓய்வும் வந்து விடும்.

பதக்கத்துக்குப் பாடுபடுகிறவர்கள் இப்படிச் சும்மா இருக்கலாமா? இருக்கத்தான் வேண்டும். காரணம் இருக்கிறது. இதில் நமது ஆம்பூர், வேலூர் வட்டாரத்துத் தோலுக்கும் ஒரு சம்பந்தம் உண்டு. அதைப் பிறகு சொல்கிறேன்.

களிமண் இல்லாத களிமண் புறா

முதலில், இது என்ன போட்டி என்று பார்ப்போம்.

ஒரு காலத்தில் வெள்ளைக்காரப் பிரபுக்கள் உயிருள்ள புறாக்களைக் கூண்டிலிருந்து பறக்கவிட்டுச் சுட்டார்கள். 1900-ஆம் ஆண்டு பாரிஸ் ஒலிம்பிக்கில்கூட இந்தக் கொடுமை நடந்தது. அதற்கு முன்பே, 1880-ல், அமெரிக்காவில் லிகோவ்ஸ்கி என்பவர் களிமண்ணில் சிறு தட்டுச் செய்து அதைப் பறக்கவிட்டார். புறா பிழைத்தது! இன்று அந்தத் தட்டில் களிமண் கிடையாது. சுண்ணாம்புக்கல் தூளையும் கீலையும் கலந்து வார்க்கிறார்கள். குறுக்களவு 110 மில்லி மீட்டர். எடை 105 கிராம். ஆனாலும் 'களிமண் புறா' என்ற பெயர் நிலைத்து விட்டது.

'ட்ராப்' என்ற ஒலிம்பிக் போட்டியில் வீரருக்கு 15 மீட்டர் முன்னால், தரைக்கு அடியில் ஒரு பள்ளம். அதில் 15 இயந்திரங்கள். வீரர் நிற்பதற்கு ஐந்து இடங்கள். ஒவ்வோர் இடத்துக்கும் மூன்று இயந்திரங்கள். அந்த மூன்றில் எது தட்டை வீசும் என்பது அவருக்குத் தெரியாது. துப்பாக்கியைத் தோளில் அணைத்துக் குரல் கொடுப்பார். மைக் அதைக் கேட்ட உடனே தட்டு பாயும். மணிக்கு 100 கிலோ மீட்டர் வேகம்! இடமா, வலமா, மேலா, தாழ்வா? கண் கண்டுபிடிப்பதற்குள் பாதித் தூரம் போய்விடும்.

ஒரு தட்டுக்கு இரண்டு தோட்டா. ஒரு தோட்டாவில் 24 கிராம் ரவை. எண்ணினால் ஏறத்தாழ 300 இருக்கும். ஒரு சுற்றுக்கு 25 தட்டு. தகுதிச் சுற்றில் மொத்தம் 125.

கண் மூடிக்கொள்ளும் நோய்

ஒவ்வொரு முறை விசையை இழுக்கும்போதும் துப்பாக்கி தோளையும் கன்னத்தையும் உதைக்கிறது. ஒரு நாள் உதை பெரிதல்ல. மாதக்கணக்கில், ஆயிரக்கணக்கான உதைகள் விழுந்தால் உடம்பு என்ன செய்யும்? அடிக்கப் போகிறார்கள் என்று தெரிந்த குழந்தை அடி விழுவதற்கு முன்பே கண்ணை மூடிக்கொள்ளும் அல்லவா? அதையேதான் செய்யும். விசையை இழுக்கும் கணத்தில் கண் மூடும். தோள் முன்னால் துள்ளும். சிலருக்கு விரலே அசையாது. தட்டு கண்ணெதிரே போகும். விரல் மட்டும் மறுக்கும்.

இது கோழைத்தனம் அல்ல. புலி வேட்டைக்காரனுக்கும் வரும். புத்தி சொன்னால் போகாது. இன்னும் அதிகமாகச் சுட்டால் போய்விடும் என்று நினைத்துச் சுடுகிறவருக்கு நோய் முற்றிவிடும். தோட்டாக் காசும் கரியாகும். வெடிச் சத்தத்தை உடம்பு மறக்க வேண்டும். அதற்குத்தான் ஓய்வு.

ஓய்வு என்றால் படுத்துக்கிடப்பதல்ல. நடை, ஓட்டம், முதுகுக்கும் தோளுக்கும் தேகப்பயிற்சி. கண் டாக்டரிடம் ஒரு முறை. காது டாக்டரிடமும் ஒரு முறை. காதில் அடைப்பு வைத்துக்கொள்ளாமல் சுட்டவர்களின் கதையை அந்த டாக்டர்கள் சொல்லுவார்கள். கடைசி வாரங்களில், தோட்டா இல்லாத துப்பாக்கியைத் தோளுக்கு ஏற்றி இறக்கிப் பழகுவார்கள். உதை இல்லை, சத்தம் இல்லை. கை மறக்காமல் இருக்க அது போதும்.

நமக்குக் குளிர்காலம் எது?

ஐரோப்பாவில் பனியில் விரல் மரத்துப்போகும். கனத்த கோட்டுப் போட்டால் துப்பாக்கிக் கட்டை தோளில் சரியாக உட்காராது. கடுங்குளிரில் தட்டுகூட நொறுங்குகிற பதத்துக்கு வந்து, வீசும்போதே உடைந்துவிடும். ஆகவே அங்கே குளிர்காலத்தில் ஓய்வெடுப்பது சுலபம்.

நம் நாட்டில் கதை வேறு. வெயில் தணியும் மாதங்களே இங்கே போட்டிக்கு ஏற்ற மாதங்கள். டெல்லியில் துக்ளகாபாத் மைதானத்தில், 1982 ஆசிய விளையாட்டுக்காகக் கட்டப்பட்ட இடத்தில், தேசியப் போட்டிகள் மார்கழிப் பனியை ஒட்டியே நடந்திருக்கின்றன. மூடுபனி விலகுகிற வரையில் தட்டும் தெரியாது, பள்ளமும் தெரியாது. காத்திருக்க வேண்டியதுதான்.

அந்த மைதானத்துக்குப் பிகானீர் மகாராஜா கர்ணி சிங்கின் பெயர் வைத்திருக்கிறார்கள். 1962-ல் கெய்ரோவில் நடந்த உலகப் போட்டியில் வெள்ளி வென்றவர். 5 ஒலிம்பிக் போட்டிகளில் கலந்துகொண்டவர்.

தமிழ்நாட்டிலும் ஒரு ராஜ வம்சத்துப் பிள்ளை இந்தத் துறையில் பெயரெடுத்திருக்கிறார். புதுக்கோட்டைத் தொண்டைமான் மரபில் வந்த பிருத்விராஜ். 2023 அக்டோபரில் சீனாவின் ஹாங்சோவில் நடந்த ஆசிய விளையாட்டில், கைனன் செனாய், ஜோராவர் சிங் சந்து ஆகியோருடன் சேர்ந்து குழுத் தங்கம் வென்றார். மூவரும் 375 தட்டுகளில் 361-ஐ உடைத்தார்கள். அடுத்த ஆண்டு பாரிஸ் ஒலிம்பிக்கில் அவர் உடைத்தது 125-க்கு 118. கிடைத்தது 21-ஆவது இடம். ஏழே ஏழு தட்டு! இந்தப் போட்டியில் ஒரு கண் சிமிட்டலுக்கு என்ன விலை என்று இந்தக் கணக்கைப் பார்த்தால் தெரியும்.

ஆகையால் நமது வீரர்கள் ஓய்வைக் காலண்டரைப் பார்த்து எடுக்க முடியாது. போட்டி இல்லாத வாரங்களைத் தேடித்தான் எடுக்க வேண்டும். என்னைக் கேட்டால், தமிழ்நாட்டில் ஐப்பசி, கார்த்திகை அடைமழைதான் அதற்கு வாய்ப்பான காலம் என்பேன். மழையும் நனைந்த தரையும் இருக்க, போட்டியும் இல்லாவிட்டால் யாருக்குச் சுட மனம் வரும்?

தோல் பையில் வைக்காதீர்கள்!

இப்போது ஆம்பூர் சங்கதிக்கு வருவோம்.

துப்பாக்கியை எடுத்துப் போகத் தோல் உறை. தோட்டா வைக்கத் தோல் பை. பார்க்க ராஜ களை. ஆனால் ஓய்வு மாதங்களில் துப்பாக்கியைத் தோல் உறையிலேயே போட்டு வைத்தால், எடுக்கும்போது குழலில் துரு பூத்திருக்கும். ஏன்?

ஆம்பூரிலும் வாணியம்பாடியிலும் தோல் ஷாப்பில் வேலை செய்தவர்களுக்கு விளக்கம் தேவையில்லை. மழைக்காலத்தில் தோல் ஈரத்தை இழுக்கும், பூசணம் பிடிக்கும். பதனிடும்போது சேர்ந்த உப்பும் அமிலமும் கொஞ்சமாவது அதில் தங்கியிருக்கும். ஆவாரம் பட்டையும் கடுக்காயும் போட்டுப் பதனிட்ட தோலில் ஈர இரும்பு பட்டால் கறுப்புக் கறை விழும். அந்தக் காலத்தில் கடுக்காயோடு அன்னபேதியைச் சேர்த்து மை காய்ச்சினார்களே, அதே வேலைதான். தோலுக்குக் கறை, இரும்புக்குத் துரு!

ஆகவே பயணத்துக்கு மட்டும் தோல் உறை. வீட்டுக்கு வந்ததும் துப்பாக்கியை வெளியே எடுத்து, குழலுக்குள் தூரிகை விட்டு, மெல்லிய எண்ணெய் தடவி, காய்ந்த இரும்புப் பெட்டியில் வைக்க வேண்டும். உறையைத் தனியே நிழலில் காற்றாட விட வேண்டும். வெயிலில் போட்டால் விறைத்து வெடிக்கும்.

இன்னொன்று. 1959-ஆம் ஆண்டு ஆயுதச் சட்டப்படி லைசென்ஸ் இருப்பவரானாலும், விடுமுறை என்பது துப்பாக்கிக்குத்தானே தவிர எச்சரிக்கைக்கு அல்ல. துப்பாக்கி ஒரு பூட்டுக்குள். தோட்டா வேறொரு பூட்டுக்குள். சாவி பிள்ளைகளின் கைக்கு எட்டாத இடத்தில். பல வாரம் தொடாத துப்பாக்கியை எடுக்கும்போது முதல் காரியம், மடக்கித் திறந்து, குழல் காலியா என்று பார்ப்பது. எறும்போ குளவியோ கூடு கட்டியிருந்தால்கூடச் சுடும்போது குழல் வெடிக்கும்.

அப்புறம் மைதானம். முதல் நாள் ஒரே ஒரு சுற்று, 25 தட்டு. எத்தனை உடைந்தது என்று அன்றைக்கு எழுதி வைப்பதில்லை என்று சிலர் வைத்திருக்கிறார்கள். கண் திறந்திருந்ததா என்பதை மட்டும் பக்கத்தில் நிற்பவரிடம் கேட்டுக்கொள்வார்கள்.