தொழுகைப் பாயை நனைக்கும் பூனை



இரண்டு மூன்று வருடங்களாகக் குசினி மூலையிலிருந்த மணல் தட்டைத் தவிர வேறெங்கும் போகாத பூனை, திடீரென்று ஒரு நாள் கட்டில் விரிப்பில் சிறுநீர் கழித்து விடுகிறது. மறுநாள் துவைத்து மடித்து வைத்த உடுப்புக் கூடையில். அடுத்த நாள் சுபஹுத் தொழுகைக்காக முஸல்லாவை விரிக்கும்போது ஈரமும் வாடையும் கையில் படுகின்றன. இதற்கு மேல் எந்த வீட்டில் பொறுமை மிஞ்சும்?

"ஏசியதற்குப் பழி வாங்குகிறது" என்பார் ஒருவர். "சாக்கில் போட்டுக் கட்டிச் சந்தைப் பக்கம் விட்டு வாருங்கள்" என்பார் இன்னொருவர். பூனை மீது உயிரையே வைத்திருக்கும் பிள்ளைகள் அழுவார்கள். வீட்டைத் துப்புரவாக வைத்திருக்க வேண்டிய பொறுப்பு என்னவோ உம்மாவின் தலையில்தான் விழுகிறது. ஆகவே தீர்ப்புச் சொல்ல வேண்டியவரும் பெரும்பாலும் அவரே.

அந்தத் தீர்ப்பைச் சொல்லும் முன் ஒன்றைத் தெரிந்துகொள்வோம். பூனைக்குப் பழி வாங்கத் தெரியாது. அது தன் தட்டைக் கைவிடுகிறதென்றால் உடம்பில் நோவு இருக்கலாம், தட்டில் குறை இருக்கலாம், அல்லது வீட்டில் ஏதோ ஒன்றுக்கு அது பயப்படலாம். பேச வாயில்லாத பிராணி இந்த வழியில்தான் முறையிடுகிறது.

பூனை சுத்தம், சிறுநீர் நஜீஸ்

நம் மார்க்கத்தில் பூனைக்குத் தனி இடம் உண்டு. அபூகதாதா (ரழி) அவர்கள் வுழூச் செய்ய வைத்திருந்த தண்ணீரில் ஒரு பூனை வாய் வைக்க வந்தபோது, அது வசதியாகக் குடிப்பதற்காகப் பாத்திரத்தையே சாய்த்துக் கொடுத்தார்கள். வியப்போடு பார்த்த தம் மருமகள் கப்ஷாவிடம், பூனை நஜீஸ் அல்ல என்றும், அது நம்மைச் சுற்றி வருபவற்றில் ஒன்று என்றும் நபி (ஸல்) அவர்கள் கூறியதை எடுத்துச் சொன்னார்கள். அபூதாவூத், திர்மிதி முதலிய கிரந்தங்களில் இச்சம்பவம் பதிவாகியுள்ளது.

ஆனால் அதன் சிறுநீரும் மலமும் நஜீஸ்தான். இலங்கையில் நம்மில் பெரும்பாலோர் பின்பற்றும் ஷாபிஈ மத்ஹபின்படி, அவை பட்ட இடத்தைக் கழுவாமல் அங்கே தொழ முடியாது. எனவே இதைச் சின்ன விஷயம் என்று ஒதுக்கவும் இயலாது. பூனையிடமும் இரக்கம் வேண்டும், வீடும் தொழுகைக்கு ஏற்றதாக இருக்க வேண்டும். இரண்டும் ஒன்றாக முடியுமா? முடியும்.

முதலில் உடம்பைப் பாருங்கள்

பழக்கம் மாறிய பூனையில் முதலில் சந்தேகப்பட வேண்டியது நோய். சிறுநீர்ப்பை அழற்சி, சிறுநீர்க் கல், வயது போன பூனைகளில் சிறுநீரக நோய், நீரிழிவு, மூட்டு நோவு ஆகிய எல்லாமே இப்படி வெளிப்படலாம். தட்டில் இருந்து சிறுநீர் கழித்தபோது நோவு எடுத்தால், அந்த நோவைத் தட்டுத்தான் தந்தது என்று பூனை நினைத்துக்கொள்ளும். பிறகு நோகாத இடம் தேடி மெத்தை, துணி, முஸல்லா என்று மென்மையான இடங்களுக்குப் போகும்.

கடுவன் பூனை வைத்திருப்பவர்கள் ஒன்றை மனதில் பதித்துக்கொள்ள வேண்டும். கடுவனின் சிறுநீர்க் குழாய் மிக ஒடுங்கியது. கல்லோ சளி போன்ற பொருளோ அதை அடைத்துவிடலாம். அடிக்கடி குந்துகிறது, முக்குகிறது, கத்துகிறது, ஆனால் ஒரு சொட்டோ இரண்டு சொட்டோதான் வருகிறது, அல்லது ஒன்றுமே வரவில்லை என்றால் நாளை பார்ப்போம் என்று இருக்க வேண்டாம். அது மலச்சிக்கல் என்று நினைத்து எண்ணெய் பருக்கவும் வேண்டாம். முழுதாக அடைபட்டால் ஓரிரு நாட்களிலேயே உயிர் போய்விடலாம். சிறுநீரில் இரத்தம் தெரிந்தாலும், நிறையத் தண்ணீர் குடித்து மெலிந்துகொண்டு போனாலும் தாமதிக்கக் கூடாது.

வீட்டில் இருக்கிறதே என்று பனடோலில் பாதியை உடைத்துக் கொடுப்பவர்கள் உண்டு. நமக்கு மருந்தாகும் பரசிட்டமோல் பூனைக்கு நஞ்சு. அதை முறித்து வெளியேற்றும் சக்தி பூனையின் ஈரலுக்கு இல்லை. ஒரே ஒரு மாத்திரையே ஒரு பூனையைக் கொன்றுவிடப் போதும்.

உங்கள் பிரதேசத்திலுள்ள அரச மிருக வைத்திய அலுவலகத்தில் முதலில் விசாரியுங்கள். மேலதிகப் பரிசோதனை தேவைப்பட்டால், மாத்தளை மாவட்டத்தவர்களுக்குப் பேராதனைப் பல்கலைக்கழக மிருக மருத்துவ பீடத்தின் போதனா வைத்தியசாலை கண்டிப் பக்கமாகவே இருப்பது ஒரு வசதி. எப்போதிருந்து, எங்கே, எத்தனை தரம், நின்றுகொண்டா குந்திக்கொண்டா என்பதை ஒரு தாளில் எழுதிக்கொண்டு போனால் வைத்தியருக்குப் பாதி வேலை குறையும்.

அடுத்தது தட்டு

உடம்பில் குறையில்லை என்று வைத்தியர் சொன்னால் தட்டைப் பாருங்கள். வீட்டுப் பூனையின் மூதாதையர் மேற்காசியாவின் வரண்ட நிலங்களில் திரிந்த காட்டுப் பூனைகள் என்பதை 2007 இல் வெளியான மரபணு ஆய்வொன்று காட்டியது. மண்ணைத் தோண்டி, கழித்து, மூடிவிடுவது அவற்றின் இரத்தத்தில் ஊறிய பழக்கம். காலுக்கு இதமான, உலர்ந்த, பொடியான மண்ணையே அவை தேடும்.

அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்தில் 1947 ஆம் ஆண்டு மாரி காலத்தில் மணல் உறைந்து போனதால், ஒரு பெண் பூனைக்குச் சாம்பலைப் போட்டார். வீடு முழுவதும் சாம்பல் காலடிகள்! அயலவரான எட் லோ என்பவர், எண்ணெய்க் கசிவை உறிஞ்சப் பயன்படும் களிமண் துகளைக் கொடுத்துப் பார்க்கச் சொன்னார். இன்று உலகெங்கும் கடைகளில் விற்கும் பூனை மணல் வியாபாரம் அப்படித் தொடங்கியதுதான்.

கடை மணல் வாங்க எல்லோருக்கும் வசதி இருக்காது. அரித்து வெயிலில் காயவைத்த ஆற்று மணல் போதும். மரத்தூளும் பாவிக்கலாம், ஆனால் பழகிய பூனைக்கு ஒரே நாளில் மாற்றக் கூடாது. பழையதோடு கொஞ்சம் கொஞ்சமாகப் புதியதைக் கலந்து, ஒன்றிரண்டு கிழமைகளில் மாற்ற வேண்டும். வாசனை போட்ட மணல் நமக்குத்தான் பிடிக்கும். பூனைக்குப் பிடிக்காது.

நம் பகுதிக்கே உரிய இரண்டு காரணங்களையும் சொல்ல வேண்டும். மாத்தளையில் ஒக்டோபர் தொடக்கம் ஜனவரி வரை மழை கூடுதல். மற்ற மாதங்களில் மிளகுக் கொடியின் கீழும் வாழையடியிலும் காரியத்தை முடித்து வந்த பூனை, வளவு சேறாகிவிட்டால் வெளியே கால் வைக்காது. உள்ளே தட்டும் இல்லையென்றால் என்ன செய்யும்? மழை தொடங்கும் முன்பே உள்ளே ஒரு தட்டு வைத்துப் பழக்கிவிட வேண்டும். இன்னொன்று, வீடு கட்டவோ மதில் பூசவோ வாசலில் கொட்டிய மணல் குவியல். மாதக் கணக்கில் பூனைக்கு அதுவே மலசலகூடமாக இருந்திருக்கும். வேலை முடிந்து மணல் தீர்ந்ததும் அது வீட்டுக்குள் இடம் தேடும். நாம் காரணம் தெரியாமல் அடிப்போம்.

தட்டைப் பற்றிய மற்ற விதிகள் இலகுவானவை. பூனையின் உடல் நீளத்தைப் போல ஒன்றரை மடங்கு நீளம் வேண்டும். பழைய அகன்ற பேசின் போதும். வயது போன பூனைக்கும் குட்டிக்கும் விளிம்பு பதிந்ததாக இருக்கட்டும். ஒரு பூனைக்கு இரண்டு தட்டு, இரண்டு பூனைக்கு மூன்று என்பது பொதுக் கணக்கு. மலத்தைத் தினமும் அள்ளி, ஈரமான மணலையும் நீக்க வேண்டும். கிழமைக்கொரு முறை தட்டை வாசனையில்லாத சவர்க்காரத்தால் கழுவி வெயிலில் வைக்க வேண்டும். சாப்பாட்டுக் கோப்பைக்குப் பக்கத்திலோ, திடீரென்று இரையும் தண்ணீர் மோட்டருக்கு அருகிலோ தட்டை வைக்கக் கூடாது. சாப்பிடும் இடத்தில் மலங்கழிக்க நமக்குத்தான் மனம் வருமா?

வீட்டில் என்ன மாறியது?

கலியாண வீட்டுச் சந்தடி, புதிதாகப் பிறந்த குழந்தை, மத்திய கிழக்கிலிருந்து திரும்பிய வாப்பா, இடம் மாற்றிய அலுமாரி, யன்னலுக்கு வெளியே வந்து சீறும் அயல்வீட்டுக் கடுவன். நமக்குச் சாதாரணமான இவை பூனைக்குப் பெரிய அதிர்ச்சி. அமெரிக்காவின் ஒஹாயோ அரச பல்கலைக்கழகத்தில் 32 பூனைகளை 77 கிழமைகள் அவதானித்த ஆய்வொன்று 2011 இல் வெளியானது. சாப்பாட்டு நேரமும் பராமரிப்பவரும் மாறியபோது, சுகமான பூனைகளும் சாப்பாட்டைக் குறைத்தன, வாந்தி எடுத்தன, தட்டுக்கு வெளியே கழித்தன. நேரம் தவறாத சாப்பாடு, ஒளிந்துகொள்ள ஒரு பெட்டி, உயரத்தில் படுக்க ஓர் இடம், தினமும் கொஞ்சம் விளையாட்டு ஆகியவை செலவில்லாத மருந்து.

பூனை குந்தாமல், நின்றபடி வாலை நிமிர்த்தி நடுக்கி, சுவரில் பீய்ச்சினால் அது வேறு விஷயம். தன் எல்லையை அடையாளமிடுகிறது. பெரும்பாலும் கடுவன்களிடம் காணும் இப்பழக்கம், கருத்தடைச் சத்திரசிகிச்சையின் பின் பெரும்பாலானவற்றில் நின்றுவிடுகிறது. இச்சத்திரசிகிச்சை பற்றி உலமாக்களிடையே கருத்து வேறுபாடு இருப்பதால், வைத்தியரிடம் கேட்பது போலவே நம்பிக்கையான ஓர் ஆலிமிடமும் கேட்டு முடிவெடுங்கள்.

துப்புரவு செய்யும் முறை

முதலில் பழந்துணியால் ஒற்றி ஈரத்தை எடுத்துவிடுங்கள். தேய்த்தால் பரவும். துணியானால் சலவைத் தூளில் ஊறவைத்துத் துவைத்து, கடைசியில் சுத்தமான தண்ணீரால் நன்றாக அலசுங்கள். சீமெந்துத் தரையானால் சிறுநீரைத் துடைத்தெடுத்த பின் சுத்தமான தண்ணீரை ஊற்றிக் கழுவுங்கள். வாடை நிற்காமல் இருக்க, சம அளவு தண்ணீர் கலந்த வினாகிரியால் துடைத்து மீண்டும் கழுவலாம். எவ்வளவு கழுவியும் போகாத இலேசான வாடை மட்டும் மிஞ்சினால் மார்க்கம் அதை மன்னிக்கிறது. ஆனால் பூனையின் மூக்கு மன்னிக்காது. தன் வாடை அடித்த இடத்துக்கே அது திரும்பவும் வரும். வெயிலில் நன்றாகக் காயவிடுவது அவசியம்.

வெளிற்றும் குளோரீனைச் சிறுநீர் மீது ஊற்ற வேண்டாம். மூச்சை அடைக்கும் வாயு கிளம்பும். தண்ணீரில் கலந்தால் பால் போல வெள்ளையாகும் கிருமிநாசினிகளும் வேண்டாம். அவை காலில் பட்டு, பூனை நக்கினால் நஞ்சாகும்.

கர்ப்பிணிச் சகோதரிகள் தட்டை வேறொருவரிடம் ஒப்படைப்பது நல்லது. டொக்ஸோபிளாஸ்மா என்ற கிருமி பூனை மலத்தில் இருந்தால் சிசுவைப் பாதிக்கலாம். மலம் வெளியேறி ஒரு நாளாவது கழிந்த பிறகே அது தொற்றும் தன்மையை அடைவதால், தினமும் அள்ளுவதே பெரிய பாதுகாப்பு. வேறு ஆளில்லாவிட்டால் கையுறை போட்டு, பிறகு சவர்க்காரமிட்டுக் கை கழுவுங்கள்.

மீண்டும் பழக்குவது

தட்டு, தண்ணீர், சாப்பாடு, படுக்கை ஆகியவற்றை ஒரு சிறிய அறையில் தள்ளித் தள்ளி வைத்துப் பூனையைச் சில நாட்கள் அங்கே இருக்கவிடுங்கள். தவறாமல் தட்டைப் பாவிக்கத் தொடங்கியதும் வீட்டைக் கொஞ்சம் கொஞ்சமாகத் திறந்துவிடலாம். அதுவரை முஸல்லாவைத் தொழுததும் மடித்து அலுமாரியில் வையுங்கள். மூக்கைச் சிறுநீரில் தேய்ப்பது, அடிப்பது, ஏசுவது எல்லாம் பயத்தைக் கூட்டும். பயம் கூடினால் சிறுநீரும் கூடும்.

கொண்டுபோய் விடுவது தீர்வா?

பூனையைக் கட்டிவைத்து, தானும் உணவளிக்காமல், பூமியிலுள்ளவற்றை உண்ணவும் விடாமல் சாகடித்த பெண் தண்டிக்கப்பட்டதை நபி (ஸல்) அவர்கள் எச்சரிக்கையாகச் சொன்னது புகாரியிலும் முஸ்லிமிலும் உண்டு. "நாங்கள் கட்டிவைக்கவில்லையே, அவிழ்த்துத்தானே விட்டோம்" என்று சிலர் சமாதானம் சொல்லலாம். சோறும் மீனும் கோப்பையில் கிடைத்துப் பழகிய பூனை, முன்பின் தெரியாத சந்தையில், நாய்களுக்கும் ஏ9 வீதி வாகனங்களுக்கும் நடுவே எதைத் தேடி உண்ணும்? அதுவும் சிறுநீர் அடைபட்ட நோயாளிப் பூனையாக இருந்தால்?

அடுத்த முறை முஸல்லாவில் ஈரம் பட்டால் விளக்குமாற்றைத் தேடாதீர்கள். முதலில் பூனையைப் பாருங்கள், பிறகு தட்டைப் பாருங்கள், பிறகு வீட்டைப் பாருங்கள். சாக்கு தேவைப்படாது. உம்மா இதைப் பொறுமையோடு செய்வதைப் பார்த்து வளரும் பிள்ளைகள், வாயில்லாத ஜீவனின் முறைப்பாட்டையும் கேட்கக் கற்றுக்கொள்வார்கள், இன்ஷா அல்லாஹ்.