உங்களுக்குத் தெரியுமா? தலை எங்கே என்று கை சொல்லும்

பிரசவம் நெருங்கும்போது குழந்தையின் தலை மேலே இருக்கிறதா, கீழே இருக்கிறதா என்று வயிற்றைத் தொட்டே கணிக்க நான்கு படிகளை வகுத்தவர் ஜெர்மானிய மகப்பேறு மருத்துவர் கிறிஸ்டியன் கெர்ஹார்ட் லியோபோல்ட். கர்ப்பிணி சிறுநீர் கழித்துவிட்டு முழங்காலை மடக்கி மல்லாந்து படுக்க, செவிலியர் முதலில் கருப்பையின் மேல்முனையை இரு கைகளாலும் அணைத்துப் பார்க்கிறார். கெட்டியாக, உருண்டையாக, உடம்பை இழுக்காமல் தான் மட்டும் அசைந்தால் அது தலை. மெத்தென்று, உடம்போடு சேர்ந்தே நகர்ந்தால் பிட்டம்.

ஸ்கேன் இருக்கையில் இது எதற்கு என்று கேட்பார்கள். கேள்வியில் நியாயம் உண்டு. சிட்னியில் 35 முதல் 37 வாரக் கர்ப்பிணிகள் 1,633 பேரைப் பரிசோதித்து 2006-இல் வெளியான ஆய்வில், தலை கீழே இல்லாத குழந்தைகளில் 70 சதவீதத்தைத்தான் கை கண்டுபிடித்தது. பத்தில் மூன்று தப்பிவிட்டன. அது சின்னக் குறையல்ல. ஆனால் ஸ்கேன் காட்டுவது அன்றைய நிலையை மட்டுமே. குழந்தை பிறகும் திரும்பலாம். கையோ ஒவ்வொரு பரிசோதனையிலும் கூடவே இருக்கிறது. ஆகவே இரண்டையும் போட்டியாக நிறுத்துவது எனக்குச் சரியாகப் படவில்லை. சந்தேகம் தட்டினாலும், உடல் பருமனால் பிடிபடாவிட்டாலும், உடனே ஸ்கேன் எடுக்க வேண்டும். பிட்டம் கீழே என்று உறுதியானால், தகுந்தவர்களுக்கு 36, 37 வார வாக்கில் மருத்துவர் வயிற்றின் மேலிருந்தே குழந்தையைத் திருப்பிப் பார்க்க அவகாசம் கிடைக்கிறது.