நொய்யலும் சாயநீரும்

கொங்கு நாட்டு ஆறுகளுள் நொய்யலும் ஒன்று. வெள்ளியங்கிரி மலையில் தோன்றிக் கோவை, திருப்பூர் நகரங்களின் வழியே ஓடிக் கரூர் மாவட்டத்தில் அது காவிரியோடு கலக்கின்றது. திருப்பூரில் ஆக்கப்படும் பின்னலாடைகளை உலக நாடுகள் பல விரும்பி வாங்குகின்றன. இலட்சக்கணக்கான மக்களுக்கு அத்தொழில் வாழ்வளிக்கின்றது.

பருத்தித் துணிக்குச் சாயம் ஏற்றும் முறை யாது? துணியை முதலில் வெளுப்பர். பின்னர்ச் சாயநீரில் இடுவர். சாயம் நீரை விட்டு நூலிழையைப் பற்றுவதற்காக உப்பை மிகுதியாகச் சேர்ப்பர். சாயத்தின் பெரும்பகுதியைத் துணி ஏற்றுக்கொள்ளும், உப்பையோ ஏற்பதில்லை. அது கழிவுநீரோடு வெளியேறும். ஆற்றின் நிறமாற்றம் எளிதில் கண்ணுக்குத் தெரியும். கரைந்த உப்போ கண்ணுக்குப் புலனாகாது. நிறத்தை அகற்றிய பின்னும் அது நீரிலேயே தங்கிப் பயிரின் வேரை வாட்டும். கிணற்றுநீரைக் கரிக்கச் செய்யும்.

சென்னிமலைக்கு அருகே ஒரத்துப்பாளையத்தில் நொய்யலின் குறுக்கே 1992-ஆம் ஆண்டில் ஓர் அணை கட்டி முடிக்கப்பட்டது. பாசனத்திற்கென எழுந்த அவ்வணை சாயக்கழிவு தேங்கும் குட்டையாயிற்று. நீரைத் திறந்தால் கீழுள்ள வயல்கள் கெட்டன. தேக்கினால் அருகிலுள்ள கிணறுகள் கெட்டன. அணையில் நீரைத் தேக்க வேண்டா என்று உழவரே முறையிடும் காலம் வந்தது.

உழவர் நீதிமன்றத்தை நாடினர். சாயப்பட்டறைகள் ஒரு சொட்டுக் கழிவுநீரையும் வெளிவிடலாகாது என்று 2006-ஆம் ஆண்டில் சென்னை உயர்நீதிமன்றம் ஆணையிட்டது. அவ்வாணை நிறைவேறாமை கண்டு, 2011 ஜனவரியில் 700-க்கும் மேற்பட்ட சாய, சலவைப் பட்டறைகளை மூடுமாறு பணித்தது. தொழிலாளர் பலர் வேலையிழந்தனர். உழவைக் காத்தால் தொழில் அழியுமோ என்று பலரும் கலங்கினர்.

இரண்டையும் காக்கும் வழி இருந்தது. கழிவுநீரை நுண்ணுயிர்களைக் கொண்டு தூய்மை செய்து, நுண்ணிய சவ்வின் வழியே அழுத்திச் செலுத்தினால் நன்னீர் பிரியும். எஞ்சும் உவர்நீரைக் காய்ச்சினால் உப்புக் கிடைக்கும். நீர், உப்பு இரண்டும் மீண்டும் சாயமேற்றப் பயன்படும். இம்முறையை மேற்கொண்ட பட்டறைகள் திரும்பவும் இயங்கலாயின.

இதற்குச் செலவு மிகுதி என்பது உண்மையே. ஆயினும் இது புதிய செலவன்று. முன்னர் இதனை உழவன் தன் வயலாலும் கிணற்றாலும் செலுத்திவந்தான். ஆணையோ அதனை உரியவர்பால் சேர்த்தது. விதியை மீறிக் கழிவைத் திறந்துவிடுவோர் இன்றும் பிடிபடுவதுண்டு. ஆதலின், மாணவர்களே, சட்டம் இயற்றுவதோடு கடமை முடிந்துவிடாது. நிறம் தெளிந்ததைக் கண்டு மனநிறைவு கொள்ளாமல், நீரைச் சோதித்து உப்பின் அளவையும் அறிந்துவருதல் வேண்டும்.