சக்கர வீட்டில் சொட்டுத் தண்ணீர்!

அடுப்பு, படுக்கை, குளியலறை எல்லாம் வண்டிக்குள்ளேயே! அமெரிக்காவில் குடும்பத்தோடு ஊர் சுற்ற இந்த ‘கேம்பர்’ வண்டிதான். என் மகள் வாங்கியது பழைய வண்டி. முதல் பயணத்திலேயே நடுராத்திரி எழுப்பினாள்.

“அம்மா, குழாயெல்லாம் மூடித்தானே இருக்கு? பம்ப் ஏன் அப்பப்போ தானா ஓடுது?”

அதுதான் எச்சரிக்கை மணி! பெரும்பாலும் எங்கோ கசிகிறது என்று அர்த்தம். அசட்டையாக இருந்தால் மரத்தளம் உளுத்துவிடும். பம்பை நிறுத்திவிட்டு, விடிந்ததும் தேடினோம். குழந்தை படுக்கும் கட்டிலுக்கு அடியில், குழாய் இணைப்பில் ஈரம்!

இந்த வண்டிகளில் இப்போது ‘பெக்ஸ்’ என்ற வளையும் பிளாஸ்டிக் குழாய்தான் அதிகம். பெரும்பாலும் வெந்நீருக்குச் சிவப்பு, பச்சைத் தண்ணீருக்கு நீலம். பெண்களே சரிசெய்துவிடலாம். கவனிக்க வேண்டியவை:

● குழாயைக் கோணலில்லாமல் வெட்டுங்கள்.

● செப்பு வளையத்தை முதலில் குழாயில் கோத்து, பிறகு இணைப்பைச் செருகி, அதற்கென்று உள்ள இடுக்கியால் இறுக்குங்கள்.

● துளை வழியே குழாய் போகுமிடத்தில் ரப்பர் வளையம் போடுங்கள். இல்லாவிட்டால் வண்டி குலுங்கும்போது உரசித் தேயும்.

● வெயில் படவிடாதீர்கள்.

● பனிக்காலத்துக்கு முன் தண்ணீரை வடித்துவிடுங்கள். குழாய் சற்று விரிந்து கொடுக்கும். பம்ப் விரிசல் விட்டுவிடும். கார் எஞ்சினுக்கு ஊற்றும் உறைதடுப்புத் திரவத்தை மட்டும் இதில் ஊற்றவே கூடாது. அது விஷம்!

இணைப்பை மாற்றினோம். அன்றிரவு பம்ப் மூச்சு விடவில்லை. பேரனும் நிம்மதியாகத் தூங்கினான். வெளிநாட்டிலிருக்கும் உங்கள் பெண்ணுக்கும் சொல்லி வையுங்களேன்!