கோல்கொண்டா: பாலா ஹிசார் குன்று

ஐதராபாத்தின் மேற்கே, ஏறத்தாழ 120 மீட்டர் உயரமுள்ள கருங்கல் குன்றின்மேல் கோல்கொண்டா கோட்டை எழுந்துள்ளது. காகதியர் காலத்து மண்கோட்டை பாமினி சுல்தான்களிடம் போய், 16ஆம் நூற்றாண்டில் குதுப் ஷாஹிகளின் தலைநகரானது. அம்மரபை நிறுவிய சுல்தான் குலி பாரசீகத்தின் ஹமதானிலிருந்து வந்தவர். கிழக்குத் துருக்கி வரை ஆண்ட துருக்மேன் குலத்தில் பிறந்தவர்.

கட்டியவர்கள் குன்றைச் சமன்செய்யவில்லை. பெரும்பாறைகளையே மதிலோடு இணைத்துக்கொண்டார்கள். எது இயற்கை, எது கைவேலை என்று பல இடங்களில் பிரித்தறிய முடியாது. இக்கோட்டையின் பேரழகு அதுதான். நுழைவாயிலின் குவிமாடத்தடியில் கைதட்டினால் உச்சியிலுள்ள பாலா ஹிசார் மண்டபத்தில் கேட்கும். காவலுக்கு அது உதவியது. நீர், இறைவைச் சக்கரங்களால் தொட்டி தொட்டியாக மேலேற்றப்பட்டுச் சுடுமண் குழாய்களில் ஓடியது.

இங்குள்ள சிறையில்தான் பத்ராசலம் கோயிலைக் கட்டிய கோபண்ணா அடைபட்டிருந்தார். தமிழ்நாட்டுப் பஜனை மடங்கள் இன்றும் பாடும் பத்ராசல ராமதாசர் இவரே.

1687இல் முகலாயப் பேரரசர் ஔரங்கசீப்பின் படை எட்டு மாதம் முற்றுகையிட்டும் மதிலை வெல்ல முடியவில்லை. உள்ளிருந்தவர் வாயிலைத் திறந்துவிட்ட பிறகே கோட்டை வீழ்ந்தது.