கூடாரம் கிளம்பிய பிறகு

தை அறுவடை முடிந்து கண்மாய்கள் வற்றத் தொடங்கும் நாட்களில், பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில், மதுரையைச் சுற்றியிருந்த மிஷன் பங்களாக்களிலிருந்து மாட்டுவண்டிகள் புறப்படும். வண்டியில் கூடாரத் துணியும் முளைகளும் இருக்கும். மருந்துப் பெட்டியும் சுவிசேஷச் சிறு புத்தகங்களும் இருக்கும். வெள்ளைக்காரப் பாதிரியார் ஒருவரும் அவருடன் உபதேசியார்கள் சிலருமாக ஒரு புளியந்தோப்பில் கூடாரம் அடிப்பார்கள். அங்கிருந்து இரண்டிரண்டு பேராகப் பிரிந்து, நடந்துபோகும் தூரத்திலுள்ள ஊர்களுக்கு விடியலிலேயே போவார்கள். வெயில் ஏறியதும் திரும்புவார்கள். பொழுது சாய்ந்ததும் மறுபடி பாட்டும் பிரசங்கமும். சில நாட்களில் தோப்பைக் காலி செய்துகொண்டு அடுத்த இடத்துக்குக் கிளம்பிவிடுவார்கள்.

இன்று அதே ஊர்களுக்கு மே மாத விடுமுறையிலும் டிசம்பரிலும் வேன்கள் வருகின்றன. சென்னை, நாகர்கோவில் சபைகளிலிருந்தும், சில சமயம் கடல் கடந்த தமிழ்ச் சபைகளிலிருந்தும் வந்த இளைஞர்கள், ஒரே நிறச் சட்டையில் இறங்குகிறார்கள். ஒரு வாரம், மிஞ்சினால் பத்து நாள். பிள்ளைகளுக்கு விடுமுறை வேதாகமப் பள்ளி, பெரியவர்களுக்கு மருத்துவ முகாம், மாலையில் வீடு வீடாக ஜெபம், கடைசி நாள் எல்லாருக்கும் சாப்பாடு. பிறகு வேன் கிளம்புகிறது. குறுகிய கால ஊழியம் புதிய பழக்கம் என்று சொல்வதுண்டு. மதுரைச் சீமைக்கு அது பழையதுதான். வந்து போகிறவர்கள் அன்றும் இருந்தார்கள், இன்றும் இருக்கிறார்கள். மாறியது மற்றவையெல்லாம்.

அமெரிக்கன் மதுரை மிஷன் 1834-ல் யாழ்ப்பாணத்திலிருந்து வந்தது. அங்கே ஏற்கெனவே வேரூன்றியிருந்த அமெரிக்க மிஷனெரிகளில் ஹாய்சிங்டன், டாட் என்ற இருவர், யாழ்ப்பாணத் தமிழர்கள் சிலரைத் துணைக்கு அழைத்துக்கொண்டு மதுரைக்கு வந்து இறங்கினார்கள். அடுத்த ஆண்டே திண்டுக்கல்லிலும் பணி தொடங்கியது. அமெரிக்காவிலிருந்து புறப்பட்டவர்கள் ஆப்பிரிக்காவைச் சுற்றிக் கப்பலில் மாதக்கணக்கில் பயணம் செய்தார்கள். சூயஸ் கால்வாய் திறந்தது 1869-ல்தான். மதுரைக்கு ரயில் 1875-ல் வந்தது. அத்தனை தொலைவு வந்தவர் சீக்கிரம் திரும்புவதற்கில்லை. வெப்பமும் வாந்திபேதியும் அவர்களுடைய மனைவி மக்களைக் கொண்டுபோயின. அதற்குத் தப்பத்தான் 1845-ல் கொடைக்கானல் மலையில் முதல் வீடுகளைக் கட்டினார்கள். இன்று வெளிநாட்டுக் குழு ஒரே நாளில் அவனியாபுரம் விமான நிலையத்தில் வந்து இறங்கிவிடலாம். போய்ச்சேர்வது எளிதானபோது தங்குவதும் குறுகிப்போனது.

மொழியில் இந்த வேறுபாடு கூர்மையாகத் தெரிகிறது. அன்று வந்தவர் முதலில் முன்ஷியிடம் உட்கார்ந்து தமிழ் படித்துத் தேர்வு எழுத வேண்டும். அதற்குப் பிறகே பிரசங்கம். மிஷனெரியின் மகனாகப் பிறந்து, தானும் மிஷனெரியான ஜே. எஸ். சாண்ட்லர், மதுரை மிஷனின் எழுபத்தைந்து ஆண்டு வரலாற்றை எழுதினார். சென்னைப் பல்கலைக்கழகம் தமிழ்ப் பேரகராதிக்கு 1913-ல் அவரைத்தான் முதல் பதிப்பாசிரியராக அமர்த்தியது; அந்தப் பணி தொடங்கியதும் மதுரையில்தான். கிராமத்துத் திண்ணைகளில் வளர்ந்த காது அது. இன்று வெளியூர்க் குழுவுக்குப் பக்கத்தில் ஒரு மொழிபெயர்ப்பாளர் நிற்கிறார். அவர் எவ்வளவு திறமையானவராக இருந்தாலும், ஒரு பாட்டி தன் முழங்கால் வலியிலிருந்து தொடங்கி, மருமகள் வழியாக, செத்துப்போன மகனிடம் வந்து நிற்கும் பேச்சு அவர் வாயில் இரண்டு வாக்கியமாகச் சுருங்கிவிடுகிறது.

பாட்டைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். முதலில் மேல்நாட்டு மெட்டுகளைத் தமிழில் பாடவைத்தார்கள்; ஊரார் நாவில் அது ஒட்டவில்லை. மதுரை மிஷனைச் சேர்ந்த எட்வர்டு வெப், தஞ்சை வேதநாயக சாஸ்திரியாரின் கீர்த்தனைகளின் அருமையை உணர்ந்து, தமிழ்க் கிறிஸ்தவக் கீர்த்தனைகளைத் திரட்டி 1853-ல் நூலாக்கினார். அதன் பிறகு ஊழியர்கள் தெருவில் பாடியது ஊரார் காதுக்குப் பழகிய ராகத்தில். இன்றைய குழு கீபோர்டும் ஒலிபெருக்கியும் கொண்டு வருகிறது. பிள்ளைகள் அபிநயப் பாட்டை ஒரே நாளில் கற்றுக்கொண்டு துள்ளுகிறார்கள். அந்த மகிழ்ச்சி உண்மையானது. ஆனால் அந்த ஊரின் கிழவிகளுக்கு என்ன பாட்டுத் தெரியும் என்று கேட்டுவிட்டு வரும் குழு குறைவு.

அன்று வண்டியில் போன மருந்துப் பெட்டி பல ஊர்களுக்கு முதல் மேல்நாட்டு மருந்து. கொய்னா, பேதிக்கு மருந்து, புண்ணுக்குக் களிம்பு. இன்று ஆரம்ப சுகாதார நிலையம் பக்கத்தில் இருக்கிறது. 2008 முதல் 108 ஆம்புலன்ஸ் ஓடுகிறது. 2021 முதல் அரசுத் திட்டத்தின் சுகாதாரத் தன்னார்வலர்களே வீடு தேடி வந்து சர்க்கரைக்கும் ரத்த அழுத்தத்துக்கும் மாத்திரை கொடுக்கிறார்கள். ஆகவே முகாமுக்கு வரும் மருத்துவர் பார்ப்பது பெரும்பாலும் ஊரார் ஏற்கெனவே அறிந்த நோய்களை. பத்து நாளைக்கு மாத்திரை கொடுத்துவிட்டுப் போனால் பதினோராம் நாள் என்ன என்பதுதான் கேள்வி. இதற்கு விடை மதுரையிலேயே இருக்கிறது. அரவிந்த் கண் மருத்துவமனை 1976-ல் டாக்டர் ஜி. வெங்கடசாமியால் பதினொரு படுக்கைகளுடன் தொடங்கப்பட்டது. அது மதச் சார்புள்ள அமைப்பல்ல. ஆனால் கிராமத்து முகாம் எப்படி இருக்க வேண்டும் என்பதை அதைவிட நன்றாக எவரும் காட்டியதில்லை. முகாமில் கண்டறிந்தவரை வண்டியில் ஏற்றிவந்து, அறுவை செய்து, ஊரில் விட்டு, பிறகு மறுபரிசோதனையும் செய்கிறார்கள். முகாம் ஒரு நாள்தான். அதன் பின்னால் மருத்துவமனை எல்லா நாளும் திறந்திருக்கிறது.

பழைய கூடாரத்துக்கும் பின்னால் அப்படி நிலையாக இருந்தவர் உபதேசியார். அவரைப் பற்றித்தான் நான் அதிகம் நினைக்கிறேன். பாதிரியார் வருஷத்தில் சில தடவை வருவார். உபதேசியார் அந்த ஊரிலேயே, பெரும்பாலும் சேரியை ஒட்டி, ஓலைக் கூரையின் கீழ் குடும்பத்தோடு இருந்தார். பகலில் பிள்ளைகளுக்கு எழுத்து, இரவில் ஜெபம். ஊர்க்காரருக்குக் கடிதம் எழுதுவார், மனு எழுதுவார், பிணத்தோடு சுடுகாட்டுக்குப் போவார். பைபிள் உமன் என்று அழைக்கப்பட்ட பெண்கள் அடுக்களைவரை போய் வாசிக்கக் கற்றுக்கொடுத்தார்கள். அறிக்கைகளில் மிஷனெரிகளின் பெயர் முழுமையாக இருக்கிறது. இவர்களில் பெரும்பாலோர் எண்ணிக்கையாகவே இருக்கிறார்கள். மதுரைப் பக்கத்தில் எத்தனையோ குடும்பங்களில் முதல் எழுத்து இவர்கள் போட்டது. அரசுப் பள்ளி ஊருக்கு ஊர் வந்தபின் அந்தப் பணி அவர்களை விட்டு நீங்கியது, நல்லதுதான். ஆனால் ஊரிலேயே குடியிருந்த அந்த மனிதரின் இடம் இன்று பல ஊர்களில் காலி. பல சபைகளைக் கொண்ட சேகரத்தை ஒரே ஆயர் இருசக்கர வண்டியில் சுற்றிவருகிறார்.

சாப்பாடு இன்னொரு அளவுகோல். மிஷனெரிகள் முகாமிலும் தங்கள் சமையல்காரரை வைத்துக்கொண்டார்கள். அதை மறைக்க வேண்டியதில்லை. ஆனால் 1847-ல் மதுரை மிஷன் ஒரு கடினமான முடிவெடுத்தது: சாதி வேறுபாட்டை விட்டதற்கு அடையாளமாக, தாழ்த்தப்பட்டவர் சமைத்ததைச் சேர்ந்து உண்ண வேண்டும். மறுத்த ஊழியர்கள் பலர் வெளியேறினார்கள். பணிக்கு ஆள் குறைந்தும் மிஷன் பின்வாங்கவில்லை. அதே சோற்றுப் பானையை மறுபடி நடுவில் வைத்தவர், அரசரடி தமிழ்நாடு இறையியல் கல்லூரியில் கற்பித்த தியாப்பிலஸ் அப்பாவு. ஒரே உலையில் பொங்கி எல்லாரும் உண்பதை இறையியலாகவே பேசினார், நாட்டுப்புற மெட்டில் பாட்டாக்கினார், 2005-ல் மறைந்தார். அந்தக் கல்லூரி மாணவர்கள் படிப்பின் ஒரு பகுதியாக வளாகத்தை விட்டுக் கிராமத்திலோ குடிசைப் பகுதியிலோ போய் வாழும் முறையும் உண்டு. இன்று வரும் குழுக்கள் பல, கேன் தண்ணீரும் நகரத்துப் பொட்டலச் சோறுமாக வருகின்றன. வயிற்றைப் பற்றிய அந்த அச்சம் நியாயமானதே. ஆனாலும் நம் வீட்டில் கை நனைக்காதவர் யார் என்பதை ஊர் கவனித்துக்கொண்டேதான் இருக்கிறது. எந்தத் தெரு வீட்டில் நனைத்தார்கள் என்பதையும்.

பழைய காலத்தையும் புதிய காலத்தையும் ஒரே வாழ்வில் கடந்தவர் ரிச்சர்டு கைதான். 1925-ல் மதுரை மிஷனுக்கு வந்த அமெரிக்கர். கதர் உடுத்தி, காந்தியின் வழியில் நின்றார். 1930-ல் காந்தியரான ரெஜினால்டு ரெனால்ட்ஸை வீட்டில் தங்கவைத்ததற்காக நாட்டை விட்டுப் போக நேர்ந்தது. திரும்பி வந்தார், 1944-ல் மறுபடி வெளியேற்றப்பட்டார், விடுதலைக்குப் பின் மீண்டும் வந்தார். சௌந்தரம் அம்மையார் 1947-ல் சின்னாளப்பட்டி அருகே காந்திகிராமத்தைத் தொடங்கியபோது உடன் நின்றார். 1955-ல் ஒட்டன்சத்திரத்தில் கிறிஸ்தவ மருத்துவமனை தோன்ற, டாக்டர் தரியன் போன்ற இளம் மருத்துவர்களை அந்தப் பக்கம் திருப்பியதிலும் அவருக்குப் பங்குண்டு. 1984-ல் காலமாகும்வரை இந்த மண்ணில்தான் இருந்தார். இரண்டு முறை வெளியே அனுப்பப்பட்டும் இங்கேயே திரும்பிவந்த மனிதரை எந்தக் கணக்கில் குறுகிய கால ஊழியர் என்பது?

இன்றைய சட்டம் வேறு. சுற்றுலா விசாவில் வருபவர் மதப் பிரசாரம் செய்யக்கூடாது; வெளிநாட்டு நன்கொடைக்குத் தனிச் சட்டம் உண்டு, 2020 திருத்தத்தின்படி அது டெல்லியிலுள்ள ஒரு குறிப்பிட்ட வங்கிக் கிளை வழியாகவே வர வேண்டும். ஆகவே பொறுப்புள்ள குழுக்கள் உள்ளூர்ச் சபையின் விருந்தாளிகளாக வந்து, அவர்கள் சொல்லும் வேலையைச் செய்கின்றன. இதில் இழப்பைவிட லாபமே அதிகம் என்று நினைக்கிறேன். 1947 செப்டம்பரில் தென்னிந்தியத் திருச்சபை உருவாகி, இளைஞரான நியூபிகின் மதுரைப் பேராயரானபோதே, யார் கேட்பவர், யார் உத்தரவிடுபவர் என்ற கணக்கு மாறத் தொடங்கிவிட்டது. இன்று மதுரை இராமநாதபுரம் திருமண்டலத்தில் முடிவெடுப்பவர்கள் இந்த மண்ணின் மக்கள்.

விடுமுறை வேதாகமப் பள்ளியை எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு காலத்தில் வெளியிலிருந்து வந்தவர்கள் கதை சொல்ல, ஊர்ப் பிள்ளைகள் வாய்பார்த்திருந்தார்கள். இன்று பல ஊர்களில் அந்தப் பத்து நாள் வகுப்பை நடத்துபவர்கள் அதே ஊரில் படித்து, லேடி டோக் கல்லூரியிலோ அமெரிக்கன் கல்லூரியிலோ பட்டம் வாங்கிய பெண்கள். வருகைதரும் குழு அவர்களுக்கு உதவியாகப் படம் ஒட்டுகிறது, பாய் விரிக்கிறது, பிள்ளைகளை வரிசைப்படுத்துகிறது. ஒவ்வோர் ஆண்டும் அதே ஊருக்கே திரும்பி வரும் சில குழுக்களும் இருக்கின்றன. எந்தப் பிள்ளை பள்ளியை விட்டுத் திருப்பூருக்கு வேலைக்குப் போய்விட்டான், எந்த வீட்டில் கடன் ஏறியிருக்கிறது என்று அவர்களுக்குத் தெரிகிறது. நடுவில் உள்ள மாதங்களில் அந்தப் பெண்கள் அவர்களுக்குத் தொலைபேசியில் சேதி சொல்கிறார்கள்.