பசிலிக்கா பல்லாடியானா
விசென்சா, இத்தாலி

பெயரில் பசிலிக்கா என்றிருந்தாலும் இது தேவாலயம் அன்று, நகர மாளிகை. மேல்தளத்தில் நகர மன்றம் கூடிய பெருங்கூடம், கீழே கடைகள்.

உட்கட்டடம் 15ஆம் நூற்றாண்டைச் சேர்ந்தது. அதைச் சூழ்ந்திருந்த தாழ்வாரத்தின் ஒரு பகுதி 1496இல் இடிந்து விழுந்தது. அரை நூற்றாண்டுக்கும் மேலாகப் பல வல்லுநர்களிடம் யோசனை கேட்ட நகர மன்றம், 1549இல் ஆந்திரேயா பல்லாடியோவின் வடிவமைப்பை ஏற்றது. கல்தச்சராகத் தொழில் தொடங்கியவர் அவர்.

பழைய கட்டடத்தின் இடைவெளிகள் ஒரே அளவில் இல்லை. அதைச் சுற்றிப் பல்லாடியோ அமைத்த வெள்ளைக் கல் வளைவுகளைச் சற்று நின்று பாருங்கள். நடு வளைவுகள் எல்லாம் ஒரே அகலம். இருபுறமும் உள்ள குறுகிய திறப்புகளே இடத்துக்கு இடம் கூடிக் குறைகின்றன. மூலையில் அவை மிக ஒடுங்கிவிடுகின்றன. ஆனாலும் முழு முகப்பும் சீராகவே தெரிகிறது. இவ்வளவு எளிய வழியில் இவ்வளவு பெரிய சிக்கலைத் தீர்த்த கட்டடங்கள் அரிது.

பல்லாடியோ 1580இல் மறைந்தார். பணி நிறைவடைந்தது 17ஆம் நூற்றாண்டில்தான்.

கவிழ்த்த படகு போன்ற கூரை 1945 மார்ச்சில் குண்டுவீச்சில் எரிந்தது. இப்போது மேலே தெரிவது போருக்குப் பின் மீண்டும் கட்டப்பட்டது.